உடை மாற்றும் அறையின் வாசலில் ஒரு செனட்டர்

அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான லூசியானாவில், 2025 அக்டோபர் இறுதியில், மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார். ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 5 கோடி டாலருக்கும் மேல். செய்தியாளர்களைச் சந்தித்த மாநில ஆளுநர், அடுத்த பயிற்சியாளரைத் தேர்வுசெய்யும் பொறுப்பு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவரிடம் இருக்காது என்றார். அவரிடம் விடுவதைவிட அதிபர் டிரம்ப்பிடம் விடலாம் என்றும் சொன்னார். சில நாள்களில் அத்தலைவரும் வெளியேறினார். ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சியாளரைத் தேடுவதில் ஆளுநருக்கும் அதிபருக்கும் என்ன வேலை என்று பலர் வியந்தார்கள். எனக்கு வியப்பு எழவில்லை. அதே பல்கலைக்கழகத்தில், அதே மைதானத்தில், 90 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹியூயி லாங்.

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். ஆளுநர் என்பவரும் நம் ஊர் ஆளுநரைப் போல் நியமிக்கப்படுபவர் அல்லர்; மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சருக்கு நிகரானவர். இவ்விரண்டையும் மனத்தில் கொண்டால் மற்றதெல்லாம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது என்றே நினைக்கிறேன்.

லாங் 1893 ஆகஸ்ட் 30 அன்று, வடக்கு லூசியானாவின் வின்ஃபீல்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். நிறையப் பிள்ளைகள் கொண்ட குடும்பம். பள்ளிப் பருவத்தில் சொற்போட்டி ஒன்றில் பரிசாகப் பேட்டன் ரூஜ் நகரின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. ஆனால், புத்தகம் வாங்கவும் தங்கி உண்ணவும் பணமில்லை. அவர் அங்கே சேரவே இல்லை. ஊர் ஊராகச் சென்று சமையல் கொழுப்பு விற்றார். பின்னர் நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு அளவில் சட்டம் படித்து, 1915இல் தேர்வெழுதி வழக்கறிஞரானார். 25 வயதில் மாநில ரயில்வே ஆணையத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1924இல் ஆளுநர் தேர்தலில் தோற்று, 1928இல் வென்றார்.

அவர் பதவியேற்றபோது மாநிலம் முழுவதிலும் கான்கிரீட் சாலை ஏறத்தாழ 300 மைல்தான் இருந்தது. சில ஆண்டுகளில் அது 2,000 மைலைத் தாண்டியது. பாலங்கள் எழுந்தன, எண்ணெய் நிறுவனங்கள் மீது வரி ஏறியது. பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும், கறுப்பினப் பிள்ளைகள் உட்பட, பாடநூல்கள் இலவசமாகக் கிடைத்தன. புத்தகம் வாங்க இயலாமல் பல்கலைக்கழகத்தை இழந்தவர் பிறப்பித்த ஆணை என்பதால், இந்தத் திட்டத்தை வெறும் தேர்தல் தந்திரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே காலத்தில் அரசு ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பங்கு பிடித்தம் செய்யப்பட்டு அவருடைய அரசியல் நிதிக்குச் சென்றதும் உண்மை. 1929இல் சட்டமன்றக் கீழவை அவர்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. மேலவையில், சாட்சியம் எதுவாயினும் தாம் தண்டிக்க வாக்களிப்பதில்லை என்று 15 உறுப்பினர்கள் முன்கூட்டியே கையொப்பமிட்டதால் தப்பினார். அதன் பின்னர் அவர் யாரையும் நம்பவில்லை. எதையும் பிறர் கையில் விடவும் இல்லை.

பல்கலைக்கழகம் அவருடைய செல்லப் பிள்ளையாயிற்று. கட்டடங்களும் மாணவர் எண்ணிக்கையும் பெருகின; 1931இல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அவருடைய உயிர் இருந்த இடம் கால்பந்து அணியும் அதன் வாத்தியக் குழுவும்தான். நியூ ஆர்லியன்ஸ் ஓட்டல் ஒன்றின் இசைக்குழுத் தலைவரான காஸ்ட்ரோ கராசோவை அழைத்துவந்து வாத்தியக் குழுவை ஒப்படைத்தார்; அவருடன் சேர்ந்து அணிக்குப் பாட்டுகளும் இயற்றினார். ஊர்வலங்களில் குழுவுக்கு முன்னால் தாமே நடந்தார். ஆட்டத்தின்போது எல்லைக்கோட்டின் ஓரத்தில் உலவினார். தாம் யோசித்த ஆட்ட வியூகங்களைப் பயிற்சியாளரிடம் கொடுத்தார். (அரங்கின் இருக்கைகளுக்குக் கீழே 1931இல் மாணவர் விடுதி அறைகள் கட்டி, விடுதிப் பணத்திலேயே அரங்கைப் பெரிதாக்கிய சாமர்த்தியத்தையும் சிலர் அவர் கணக்கில் எழுதுவார்கள். அந்த யோசனை டி.பி. ஹெர்ட் என்னும் விளையாட்டுத் துறை அதிகாரியுடையது.)

இந்தப் பற்றை ஒரு பித்து என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் அரசியல் வரைபடம் ஒன்று தெரிகிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் பரம எதிரி துலேன். துலேன் தனியார் நிறுவனம்; நியூ ஆர்லியன்ஸின் பழைய பணக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த இடம். அந்த நகரத்தின் கனவான்களும் அரசியல் முதலாளிகளும்தான் லாங்கைக் கோமாளி என்று இகழ்ந்தவர்கள். மாநிலப் பல்கலைக்கழகமோ பருத்திக் காட்டிலிருந்தும் பைன் மரக் காட்டிலிருந்தும் வந்த ஏழை வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. வெள்ளையர் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கறுப்பின மாணவர் எவரையும் அப்பல்கலைக்கழகம் அன்று சேர்த்துக்கொள்ளவில்லை, லாங்கும் அதை மாற்ற முயலவில்லை. அந்த எல்லைக்குள், துலேனுக்கு எதிரான ஒவ்வோர் ஆட்டமும் அவருக்கு ஒரு தேர்தல். ரஸ் கோஹன் என்னும் பயிற்சியாளரை நீக்கிவிட எண்ணியிருந்தவர், 1930இல் துலேனிடம் அணி நெருக்கமாகப் போராடித் தோற்றதைக் கண்டு உள்ளம் பூரித்து அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தார். அந்தப் பூரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. 1931 பருவம் முடிந்ததும் கோஹன் போனார். ராணுவக் கேப்டனும், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணியின் முன்னாள் பயிற்சியாளருமான பிஃப் ஜோன்ஸ் வந்தார்.

இதற்கிடையே லாங்கின் பார்வை மாநிலத்தைக் கடந்துவிட்டது. 1932 ஜனவரியில் செனட்டராக வாஷிங்டன் சென்றார். தம் கையாளான ஓ.கே. ஆலனை ஆளுநராக்கிவிட்டு மாநிலத்தைத் தாமே ஆண்டார். அவ்வாண்டு சிகாகோ மாநாட்டில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேட்பாளராக உழைத்தவர், அடுத்த ஆண்டே அவரோடு முறித்துக்கொண்டார். 1934 பிப்ரவரியில் செல்வத்தைப் பகிர்வோம் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். பெருஞ்செல்வங்களுக்கு உச்சவரம்பு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடிப்படைச் சொத்தாக 5,000 டாலர், முதியோர் ஓய்வூதியம், திறமையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்லூரிக் கல்வி. கணக்கு உதைக்கிறது என்று பொருளியலாளர்கள் சொன்னார்கள். பெருமந்தத்தில் வேலை இழந்தவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. நாடெங்கும் 27,000 மன்றங்கள் என்று இயக்கம் உரிமை கோரியது.

1934 இலையுதிர்காலத்தில் கால்பந்தும் அதிபர் கனவும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பருவத்தில்தான், பேட்டன் ரூஜில் சனிக்கிழமை ஆட்டத்தன்று புகழ்பெற்ற சர்க்கஸ் ஒன்று கூடாரம் போட இருந்தது. கூட்டம் பிரிந்துவிடும் என்று அஞ்சிய லாங், கால்நடைகளின் உண்ணியை ஒழிக்க இருந்த பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார். மாநிலத்துக்குள் வரும் விலங்குகள் அனைத்தையும் மருந்து நீரில் முக்கி எடுக்க வேண்டும். சர்க்கஸின் யானைக்கும் புலிக்கும் அது பொருந்தும் என்றார். சர்க்கஸ் வரவில்லை.

அக்டோபர் 27 அன்று நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். மாணவர் எல்லாரும் உடன்வர வேண்டும் என்று விரும்பினார். ரயில் கட்டணம் அதிகம். ரயில் நிறுவனத்தின் பாலங்களுக்கு வரி மதிப்பீட்டை உயர்த்த நேரிடும் என்று நிறுவனத்தாரிடம் நினைவூட்டினார்; கட்டணம் 6 டாலராக இறங்கியது. கையில் காசில்லாத மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். லாங் தம் கையாலேயே பணம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். தனி ரயில்கள் ஆயிரக்கணக்கான மாணவர்களோடு அடுத்த மாநிலத்துக்குள் நுழைந்தன. நாஷ்வில் தெருக்களில் வாத்தியக் குழுவுக்கு முன்னால் செனட்டர் நடந்தார். நாடெங்கும் நாளிதழ்கள் எழுதின. 29–0 என்று அணி வென்றது. புத்தகக் காசில்லாமல் பல்கலைக்கழக வாசலை மிதிக்காத அந்தச் சிறுவனை, கட்டணம் கட்ட வழியில்லாத இந்தப் பிள்ளைகளின் முகங்களில் அவர் கண்டிருக்கக்கூடும். அதே கை, ரயில் நிறுவனத்தின் கழுத்தில் இருந்ததையும் நான் மறக்கவில்லை. லாங்கின் ஈகையையும் மிரட்டலையும் இரு வேறு கணக்குகளாக எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கு அவற்றைப் பிரிக்கத் தெரியவில்லை.

அடுத்த மாதமே அது மாணவர்களுக்கும் புரிந்தது. அணியின் நட்சத்திர வீரர் ஏப் மிக்கல். லெபனானில் பிறந்து மிசிசிப்பி மாநிலத்தில் வளர்ந்தவர். அவரை லூசியானா மேலவை உறுப்பினராக்குவதாக லாங் அறிவித்தார். வயதும் போதாது, வசிப்பிடமும் பொருந்தாது. சங்கடப்பட்ட மிக்கல் அந்தப் பக்கம் போகவில்லை. இந்தக் கேலிக்கூத்தைக் கண்டித்து மாணவர் இதழுக்கு ஒரு கடிதம் வந்தது. அச்சிலிருந்த இதழை லாங் நிறுத்தினார். தணிக்கையை எதிர்த்த மாணவர்களில் எழுவர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பை முடித்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் லாங்கின் பக்கம் நின்றார். சட்டமன்றம் அந்த மாதங்களில் அவருடைய மசோதாக்களைப் படித்துக்கூடப் பார்க்காமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 15 அன்று ஆரிகன் பல்கலைக்கழக அணி பேட்டன் ரூஜுக்கு வந்தது. முந்தைய இரண்டு வாரங்களில் துலேனிடமும் டென்னசியிடமும் அடுத்தடுத்துத் தோற்றிருந்தார்கள். இடைவேளையில் ஆரிகன் 13–0 என முன்னிலை. லாங் உடை மாற்றும் அறைக்கு வந்து, வீரர்களிடம் தாம் பேச வேண்டும் என்றார். ஜோன்ஸ் மறுத்தார். வார்த்தை தடித்தது, இந்த ஆட்டத்தோடு தாம் விலகிக்கொள்வதாக ஜோன்ஸ் சொல்லிவிட்டு வீரர்களிடம் திரும்பினார். லாங் உள்ளே பேசவில்லை. இரண்டாம் பாதியில் அணி மீண்டு 14–13 என வென்றது.

லாங்கின் வாழ்வில் நான் திரும்பத் திரும்பச் சென்று நிற்கும் இடம் இதுதான். நீதிபதிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் பல்கலைக்கழகத் தலைவரும் திறந்துவிட்ட கதவுகளில் ஒன்றை, கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் மூடினார். ஜோன்ஸ் சனநாயகப் போராளி அல்லர். படைப்பிரிவில் கட்டளையிடுபவர் ஒருவரே இருக்க வேண்டும் என்று பழகிய சிப்பாய். தம் வேலை எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பிறர் கையில் கொடுக்க மறுத்தார். ராணுவச் சம்பளம் இருந்ததால் பதவியை உதறுவது அவருக்கு எளிது என்று வாதிடலாம். இருக்கலாம். மாநிலத்தில் பிழைப்புக்கு வேறு வழியிருந்த எத்தனையோ பேர் அதைச் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்த பயிற்சியாளரை லாங்கே தேடினார். தடகளப் பயிற்சியாளராகவும் ஜோன்ஸின் உதவியாளராகவும் இருந்த பெர்னி மூரிடம் அணி சென்றது. லாங்குக்கு அப்போது வேறு கவலைகளும் இருந்தன. அவர் மூன்றாம் கட்சி வேட்பாளராக நின்றால் முப்பது, நாற்பது லட்சம் வாக்குகளைப் பிரித்துவிடுவார் என்று 1935இல் ரூஸ்வெல்ட்டின் கட்சியினர் இரகசியமாக எடுத்த கணிப்பு காட்டியது. அவ்வாண்டு ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் செல்வந்தர் மீதான வரியையும் விரைந்து கொண்டுவந்ததில் லாங்கைப் பற்றிய அச்சத்துக்கும் பங்கிருந்தது. தம் எதிர்கால ஆட்சியைக் கற்பனையாக விவரிக்கும் நூலொன்றையும் லாங் எழுதிமுடித்திருந்தார். அதில் ரூஸ்வெல்ட்டைக் கடற்படை அமைச்சராக அமர்த்தியிருந்தார். நூல் வெளிவந்தபோது ஆசிரியர் உயிரோடு இல்லை.

1935 செப்டம்பர் 8 இரவு, தாம் எழுப்பிய 34 மாடிச் சட்டமன்றக் கட்டடத்தின் நடைவழியில் அவர் சுடப்பட்டார். சுட்டவராகக் கருதப்படும் கார்ல் வைஸ் ஓர் இளம் மருத்துவர். லாங்கின் மசோதாவால் பதவி இழக்க இருந்த ஒரு நீதிபதியின் மருமகன். மெய்க்காவலர்கள் அவரை அங்கேயே சுட்டு வீழ்த்தினார்கள். இரண்டு நாள் கழித்து, 42 வயதில் லாங் இறந்தார். அக்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த ராபர்ட் பென் வாரன் பின்னர் எழுதி, புலிட்சர் பரிசு பெற்ற ‘ஆல் த கிங்ஸ் மென்’ நாவலின் கதாநாயகனை லாங்கின் சாயலில் படைத்தார். அந்த ஆளுநரின் மகனைக் கல்லூரிக் கால்பந்து வீரனாகவும் ஆக்கினார். ஏப் மிக்கல் மருத்துவரானார்.

லாங் புதைக்கப்பட்டு இரண்டு வாரங்கள் சென்றபின் புதிய பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ரைஸ் பல்கலைக்கழகத்திடம் 10–7 எனத் தோற்ற மூரின் அணி, அடுத்த 9 ஆட்டங்களையும் வென்று தென்கிழக்குக் கூட்டமைப்பின் பட்டத்தைப் பெற்றது. துலேனும் அந்த ஒன்பதில் உண்டு. 1936 புத்தாண்டு அன்று நியூ ஆர்லியன்ஸில், துலேனின் சொந்த அரங்கில், சேற்றில் நடந்த சுகர் பவுல் ஆட்டத்தில் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்திடம் 3–2 எனத் தோற்றது. எல்லைக்கோட்டின் ஓரத்தில் செனட்டர் எவரும் நிற்கவில்லை.