நீதிமன்ற அடித்தளத்தில் தொடங்கிய சிறுவர் மன்றம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வேளாண் விரிவாக்கப் பணிக்கு முதல் பொறுப்பாளராக இருந்தவர் ஏ.பி.கிரஹாம். வேளாண் விஞ்ஞானி அல்ல; கிராமப் பள்ளி ஆசிரியர். 1868இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

கிளார்க் மாவட்டம் ஸ்பிரிங்பீல்டு பகுதிப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தபோது, வகுப்புப் பாடத்துக்கும் பிள்ளைகள் வீட்டில் பார்க்கும் வயலுக்கும் தொடர்பில்லை என்பது அவரை உறுத்தியது. 1902 ஜனவரி 15 அன்று நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தள அறையில் சிறுவர், சிறுமியரைக் கூட்டி மன்றம் ஒன்றைத் தொடங்கினார்.

அவர்கள் செய்ததைப் பாருங்கள். மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிட்டார்கள். வீட்டு நிலத்து மண்ணை லிட்மஸ் தாளால் சோதித்தார்கள். நீலத் தாள் சிவந்தால் அது அமில மண். சுண்ணாம்பு இட வேண்டியிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளை தன் நிலத்தைப் பற்றிப் பெற்றோர் அறியாத ஒன்றைக் கண்டு சொன்னால், அதன் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு வரும்தானே? செய்த வேலையைக் குறித்தும் வைக்க வேண்டும். விளைச்சல் குறைந்தால் அதையும் மறைக்காமல் எழுதும் பிள்ளைதான் விவசாயத்தைக் கற்கிறது. பரிசுக் கோப்பையைவிட இந்தக் குறிப்பேட்டையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

1905இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் கிரஹாமை விரிவாக்கப் பணிக்கு அழைத்துக்கொண்டது. இத்தகைய மன்றங்களே பின்னர் ‘4-ஹெச்’ எனப் பெயர் பெற்றன. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்குக்குமான ஆங்கிலச் சொற்கள் அந்த ஒரே எழுத்தில் தொடங்குபவை. 1960இல் அவர் மறைந்தார்.

விரிவாக்கப் பணியாளர்களே, அடுத்த முறை மண் மாதிரி எடுக்கும்போது அந்த வீட்டுப் பிள்ளையையும் வயலுக்கு அழையுங்கள். மாதிரிப் பையில் பெயரையும் சர்வே எண்ணையும் அதுவே எழுதட்டும்.