இரு நாட்டியம் பயின்ற ருக்மிணி தேவி அம்மையார்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நமக்கு அயல்நாட்டுச் சொற்கள் புதியன அல்ல. ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்தில் வந்து இறங்கும் அண்ணன்மாரும் அக்காமாரும், சாப்பிட உட்கார்ந்தபின்னும் கைசென், கான்பான் என்று ஜப்பானியச் சொற்களையே பேசுகின்றனர். ஒரே வேலைக்கு ஒரு கம்பெனியில் ஒரு பெயர், அடுத்த கம்பெனியில் வேறு பெயர் என்றும் அவர்கள் சொல்லக் கேட்கிறோம். நாட்டியக் கலையிலும் இத்தகைய பெயர் வேறுபாடுகள் உண்டு. கடல் கடந்த நாட்டியம் ஒன்று, நம் நாட்டியம் ஒன்று என இரண்டையும் முதல் பாடத்திலிருந்து பயின்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம்.

ருக்மிணி தேவி அம்மையார் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு மிக்கவர். பின்னர் குடும்பம் சென்னை அடையாற்றில் குடியேறியது. 1920இல், 16ஆம் வயதில், அச்சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை அம்மையார் மணந்தார். அந்த வயதில் மணம் செய்வதை இன்று சட்டமே தடுக்கும். அன்று ஊரார் கொதித்ததோ மணமகள் சிறுமி என்பதற்காக அன்று. மணமகன் வெள்ளையர் என்பதற்காக!

கணவருடன் பல நாடுகளுக்குச் சென்ற அம்மையார், 1924இல் லண்டனில் ருஷ்ய நாட்டுப் பாலே நடன மேதை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு வியந்தார். சில ஆண்டுகள் கழித்துப் பாவ்லோவா பம்பாய்க்கு வந்தபோது மீண்டும் கண்டார். பின்பு ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் இருவரும் உடன் பயணிக்க, நட்பு வளர்ந்தது. பாவ்லோவாவின் குழுவில் முன்னணியில் ஆடிய கிளியோ நோர்டி என்பவரிடம் அம்மையார் பாலே கற்கத் தொடங்கினார்.

பாலே பயில்வோர் முதலில் கைப்பிடிக் கட்டையைப் பற்றி நிற்க வேண்டும். பாதங்களுக்கு 5 நிலைகள் உண்டு. குதிகால்கள் ஒட்டி, விரல்கள் வலமும் இடமுமாக வெளிநோக்கி இருப்பது முதல் நிலை. அதையே இடைவெளி விட்டு நிற்பது இரண்டாம் நிலை. மற்றவையும் இவ்வாறே எண்ணால் பெயர் பெறும். இவை 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு மன்னர் 14ஆம் லூயியின் காலத்தில் வகுக்கப்பட்டவை. ஆதலால் எந்த நாட்டில் கற்றாலும் சொற்கள் பிரெஞ்சுச் சொற்களே. முழங்காலை மடக்குவது பிளியே. காலை நீட்டுவது தாந்து.

மொழி ஒன்றானாலும் எண்ணிக்கை ஒன்றல்ல. ஒரு காலில் நின்று மறு காலைப் பின்னே நீட்டும் அரபெஸ்க் என்னும் நிலையை, இத்தாலியரான செக்கெட்டியின் முறை 5 வகையாகப் பிரிக்கிறது. ருஷ்யரான வகானோவா அம்மையாரின் முறையில் அது 4. லண்டன் ராயல் அகாடமியில் 3. கைகளைத் தலைக்கு மேல் வளைத்து உயர்த்துவது செக்கெட்டியிடம் ஐந்தாம் நிலையைச் சேர்ந்தது. வகானோவாவிடம் அது மூன்றாம் நிலை. பாவ்லோவாவும் வகானோவாவும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

நம் நாட்டின் நடனத்தைத் தேடிப் பார்க்குமாறு அம்மையாருக்கு அறிவுரை கூறியவர் பாவ்லோவாவே. அவர் 1931இல் மறைந்தார். 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியர் இருவர் ஆடிய சதிரை அம்மையார் கண்டார். கோயிலைச் சார்ந்த மகளிரும் நட்டுவனார் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலை அது. அன்று அது பழிச்சொல்லுக்கு ஆளாகி, அழியும் நிலையில் இருந்தது. குடும்பப் பெண் சலங்கை கட்டுவதை எவரும் நினைத்தும் பார்க்கவில்லை. அம்மையாரோ மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மாணவியாக அமர்ந்தார். வயது ஏறத்தாழ 30.

முப்பது வயதில் உடம்பைப் புதிதாகப் பழக்குவது எளிதா? பாலேயின் இரண்டாம் நிலையில் முழங்கால் மடக்குவதும் நம் அரைமண்டியும் பார்வைக்கு உறவினர் போலத் தோன்றும். இரண்டிலும் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன. ஆனால் பாலேக்காரி மடங்குவது பெரும்பாலும் மீண்டும் எழும்புவதற்கே. நம் நர்த்தகியோ அரைமண்டியிலேயே நிலைத்துப் பாடம் முழுதும் ஆட வேண்டும். தாந்துவில் நீட்டிய காலின் விரல் நுனி தரையைத் தொடும். நம் நாட்டடவில் நீட்டிய காலின் குதிகாலை ஊன்ற வேண்டும், விரல்கள் மேல்நோக்கும். நாட்டுவதால் நாட்டடவு, தட்டுவதால் தட்டடவு. பெயரே பாடம் சொல்லித் தருகிறது! இங்கும் பாணிக்குப் பாணி வேறுபாடு உண்டு. பந்தநல்லூர், வழுவூர், தஞ்சாவூர் என ஊர் மாறினால் அடவுகளின் எண்ணிக்கையும் வரிசையும், அவற்றுக்குரிய சொற்கட்டும் மாறும்.

1935 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அம்மையார் மேடையேறினார். எதிர்ப்பும் வியப்பும் ஒருங்கே எழுந்தன. 1936இல் அவர் தொடங்கிய கலைப்பள்ளியே பின்னர்க் கலாக்ஷேத்திரம் ஆயிற்று. நட்டுவனார் வீட்டில் குரு ஒருவர் முன் ஓரிருவர் பயின்ற கலையை, எவ்வீட்டுப் பெண்ணும் வகுப்பில் சேர்ந்து பயிலும் பாடமாக ஒழுங்கு செய்ததே அவருடைய பெரும்பணி என்று நாம் கருதுகிறோம். தட்டடவு 8, நாட்டடவு 8 என வரிசைப்படி ஏறும் பாடமுறை அங்கு நிலைபெற்றது. கலாக்ஷேத்திர ஆட்டத்தில் காணும் நேர்க்கோட்டு அழகு பாலேயிலிருந்து வந்தது என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். கையும் காலும் அளவு பிசகாமல் நீளும் அவ்வாட்டத்தைக் காண்போர்க்கு இவ்வையம் எழுவது இயல்பே.

அவர் செய்ததை எல்லாரும் ஏற்கவில்லை. சிருங்காரப் பதங்கள் சிலவற்றை அவர் ஒதுக்கியதை மரபுவழி வந்த மேதை பாலசரஸ்வதி அம்மையார் வன்மையாக மறுத்தார். மேடை புதியவர்களுக்குத் திறந்தபோது, பழைய குடும்பத்து மகளிர் பலர் அதனை இழந்தனர். இதைக் கூறாமல் வரலாற்றை எழுதுவது முறையாகாது.

குற்றாலக் குறவஞ்சி, குமார சம்பவம், இராமாயண வரிசை என நாட்டிய நாடகங்கள் பலவற்றை அம்மையார் உருவாக்கினார். 1952இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். 1960இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு அவர் முயற்சியே பெருங்காரணம். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்க அழைப்பு வந்தபோது ஏற்க மறுத்தார்.

1986 பிப்ரவரி 24ஆம் நாள் அம்மையார் மறைந்தார். திருவான்மியூரில் கலாக்ஷேத்திரம் இன்றும் நடைபெறுகிறது. அங்கு நடனம் பயிலச் சேரும் பெண், அரைமண்டியில் நின்று தட்டடவிலிருந்தே தொடங்குகிறாள்.