ஸக்லூல் பாஷா

எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு, 1883 முதல் 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்த ஒராபி பாஷாவை நாம் அறிவோம். அவரது கிளர்ச்சியை ஆதரித்த இளைஞருள் ஒருவராகிய ஸக்லூலை நம் மாணவர் அத்துணை அறியார். ஆதலின் அவர்தம் அரசியல் வாழ்வை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றேன்.

நைல் நதிக் கழிமுகத்துக் கிராமமொன்றிலே பிறந்தவர் அவர். அல்-அஸ்ஹரிற் பயின்று, நியாயவாதியாகி, 1892இல் நீதிபதியாகவும் 1906இல் கல்வி மந்திரியாகவும் உயர்ந்தார். பிரித்தானியப் பிரதிநிதி குரோமர் பிரபுவே அவரைப் புகழ்ந்தார். பிரித்தானியர்க்கு இணங்கி நடந்த பிரதம மந்திரியின் மகளை அவர் மணந்துமிருந்தார். இத்தகையவர் எதிர்த்து நிற்பாரென எவர் எண்ணியிருப்பர்?

முதல் உலகப்போர் ஓய்ந்து இரண்டு நாட் கழித்து, 1918 நவம்பர் 13இல், தோழர் இருவருடன் உயர்ஸ்தானிகர் விங்கேற்றிடஞ் சென்று சுதந்திரங் கேட்டார். நாட்டின் சார்பிற் பேச இவர்களுக்கு அதிகாரம் அளித்தவர் யாவர் என்ற வினா எழுந்தது. சட்டமறிந்த ஸக்லூல் அதற்கு அற்றோணித் தத்துவத்தால் விடையிறுத்தார். காணி விற்கவும் வழக்காடவும் நாம் எழுதிக்கொடுக்கும் பத்திரம் போன்றதே அது! ‘வஃப்து’ எனப்பட்ட தூதுக்குழு தங்கள் பொருட்டுப் பேசலாமென அதிகாரமளிக்கும் அப்பத்திரத்திலே ஊர்தோறும் மக்கள் ஒப்பமிட்டனர். அதிகாரிகள் தடுத்தும் அவ்வியக்கம் பரவியது. அவர் வாழ்விலே யான் பெரிதும் வியப்பது இச்செயலையே.

1919 மார்ச் 8இல் அவரைக் கைதுசெய்து மால்ற்றாத் தீவுக்கு அனுப்பினர். நாடு கொந்தளித்தது. மாணவரும் நியாயவாதிகளும் வேலைநிறுத்தஞ் செய்தனர். உழவர் புகையிரதப் பாதைகளைப் பெயர்த்தனர். கோப்திக் கிறித்தவரும் முஸ்லிம்களும் ஒன்றாயினர். முக்காடிட்ட மாதரும் வீதிக்கு வந்தனர். ஒரு திங்களளவில் விடுதலை கிடைத்தது. 1921 டிசெம்பரில் மீண்டுங் கைது. ஏடன், சீஷெல்ஸ், ஜிப்ரால்ற்றர் என அலைக்கப்பட்டார். அவர் அங்ஙனம் இருக்கையிலேயே, 1922 பெப்ருவரி 28இல், பிரித்தானியா எகிப்தின் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தது. சூடான் முதலிய நான்கு விடயங்களை மட்டுந் தன் கையில் வைத்துக்கொண்டது.

1924 தேர்தலிற் பெருவெற்றி பெற்றுப் பிரதம மந்திரியானார். அப்பதவி பத்துத் திங்களே நிலைத்தது. நவம்பர் 19இல் சூடான் தேசாதிபதி சேர் லீ ஸ்ராக் கைரோவிற் சுடப்பட்டு மறுநாள் மாண்டார். ஸக்லூல் அக்கொலையைக் கண்டித்தார். எனினும் அலன்பி பிரபு, ஐந்து லட்சம் பவுண் தண்டமும், சூடானிலிருந்து எகிப்தியப் படைகளின் விலகலும் கேட்டார். தண்டத்தைச் செலுத்திய ஸக்லூல், ஏனையவற்றிற்கு இணங்காது பதவி துறந்தார். மறுக்க வல்ல அவர் விட்டுக்கொடுத்துப் பேசவல்லர் அல்லர் என்பாருமுளர். 1921இல் அத்லி பாஷாவோடு பிணங்கியதை நோக்கின், அக்கூற்றிற் சிறிது உண்மை உண்டென்றே கருதுகின்றேன்.

1926இல் அவர் கட்சி மீண்டும் வென்றது. அவர் பிரதம மந்திரியாதலைப் பிரித்தானியர் விரும்பாமையாற் சபாநாயகராய் அமர்ந்தார். 1927 ஆகஸ்டு 23இற் காலமானார். கைரோவில் அவர் வாழ்ந்த மனையைத் தேசத்தின் இல்லம் என்றும், அவர் மனைவி ஸஃபிய்யாவை எகிப்தியரின் அன்னை என்றும் மக்கள் அழைத்தனர்.