கணக்கா? பாட்டா?



சென்ற இதழில் நம்ம மயிலாடுதுறையில் 1910ஆம் ஆண்டு பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதரைப் பற்றிப் படித்தோம். இந்த முறை நான் எழுதப் போவது பாட்டுக்காகக் கடல் தாண்டிப் போன ஒருவரைப் பற்றி. ஜெர்மனிக்குப் போய் அந்த நாட்டுப் பாட்டைக் கற்ற இந்திய மாணவர் அவர். பெயர் திலீப்குமார் ராய். ஊர் வங்காளம். ஆனால் வாழ்க்கையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நமக்குப் பக்கத்திலே, பாண்டிச்சேரியில்தான் இருந்தார்!

பிறப்பும் வளர்ப்பும்

திலீப்குமார் 1897ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் கிருஷ்ணநகரில் பிறந்தார். அப்பா துவிஜேந்திரலால் ராய். வங்காளத்தில் பெரிய கவிஞர், நாடக ஆசிரியர். அவர் இளம் வயதில் இங்கிலாந்துக்கு விவசாயம் படிக்கப் போனார். படித்தது விவசாயம், ஆனால் ஆசையாக மேல்நாட்டு சங்கீதத்தையும் கற்றுக்கொண்டு வந்தார். ஆக, வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

திலீப்புக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டார். பதினாறு வயதில் அப்பாவும் காலமானார். அதன்பின் அம்மா வழித் தாத்தா வீட்டில் வளர்ந்தார். இத்தனை துயரத்திலும் படிப்பில் அவர் பின்தங்கவில்லை. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதத்தில் முதல் வகுப்பு! அங்கே அவருக்கு உயிர் நண்பர் யார் தெரியுமா? நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்.

கேம்பிரிட்ஜ்

1919ஆம் ஆண்டு நண்பர்கள் இருவருமே இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் படித்தார்கள். அதே ஆண்டுதான் நம்ம கும்பகோணத்து கணித மேதை ராமானுஜன் உடல் நலம் கெட்டு அதே கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பி வந்தார்.

திலீப் கணிதத் தேர்வின் முதல் பகுதியில் தேறினார். கூடவே மேல்நாட்டு இசையும் பயின்றார். இங்கேதான் அவருக்கு ஒரு பெரிய கேள்வி வந்தது. கணக்கா? பாட்டா?

இது லேசான கேள்வி இல்லை. அந்தக் காலத்தில் நன்றாகப் படித்த பையன் என்றால் ஐ.சி.எஸ். அதிகாரி ஆகணும், இல்லாவிட்டால் வக்கீல், பேராசிரியர் ஆகணும். பாட்டைத் தொழிலாக வைத்துக்கொள்வதைப் படித்த குடும்பங்கள் மதிப்பாக நினைக்கவில்லை. போதாததற்கு, அப்பா அம்மா இல்லாத பிள்ளை. தப்பாகப் போனால் தாங்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

1921இல் சுபாஷ் ஐ.சி.எஸ். பதவியை வேண்டாம் என்று விட்டுவிட்டு நாட்டுக்காகத் திரும்பினார். திலீப்பும் கணக்கை விட்டார், ஆனால் அவர் போனது பெர்லினுக்கு. ஒருவர் நாட்டுக்காக விட்டார், ஒருவர் பாட்டுக்காக விட்டார். யார் தைரியசாலி என்று என்னைக் கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு பேருமே என்றுதான் சொல்வேன்.

பெர்லினில் பாட்டு மாணவர்

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றிருந்த நேரம் அது. மார்க் என்ற அவர்கள் பணம் நாளுக்கு நாள் மதிப்பு இழந்துகொண்டிருந்தது. ஜெர்மானியர்களுக்குக் கஷ்ட காலம். கையில் ஆங்கிலேய பவுன் வைத்திருந்த வெளிநாட்டு மாணவர்களுக்கோ செலவு குறைவு. இப்படிப்பட்ட ஊரில்தான் திலீப் ஜெர்மன், இத்தாலியப் பாட்டு முறைகளைக் கற்றார். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய மொழிகளையும் படித்தார். மொழி தெரியாமல் பாட்டின் பாவம் வருமா?

நம்ம பாட்டுக்கும் அவங்க பாட்டுக்கும் என்ன வித்தியாசம்? நாம் குரு பாடப் பாடக் கேட்டுத் திருப்பிப் பாடுகிறோம். அவர்கள் ஐந்து கோட்டில் எழுதிய ஸ்வரத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள். நமக்கு ஒரு ராகம், அதில் கமகம். அவர்களுக்கு ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கணும். மைக் இல்லாமலே பெரிய அரங்கத்தின் கடைசி வரிசை வரை கேட்கும்படி குரலைப் பழக்குவார்கள். இத்தனை நாள் பாடிய தொண்டையை மறுபடி முதலிலிருந்து பழக்குவது சும்மாவா?

பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்து அவருக்கு நண்பர் ஆனார். 1915ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். திலீப் பாடிய இந்தியப் பாட்டுகளைக் கேட்டு அவர் பாராட்டினார். 1922இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் திலீப் நம் சங்கீதத்தைப் பற்றிப் பேசிப் பாடியும் காட்டினார். கற்கப் போனவர் கற்பித்துவிட்டு வந்தார் என்றே நான் சொல்வேன்.

திரும்பி வந்து என்ன செய்தார்?

1922 கடைசியில் ஊர் திரும்பினார். வெளிநாட்டில் கற்றுவிட்டோம், போதும் என்று உட்காரவில்லை. ஊர் ஊராகப் போய் அப்துல் கரீம் கான், ஃபயாஸ் கான் போன்ற உஸ்தாதுகளின் பாட்டைக் கேட்டார், கற்றார். அந்த அனுபவங்களை வங்காளியில் புத்தகமாக எழுதினார். தன் பாட்டுகளில் நம் ராகத்தோடு மேல்நாட்டுக் குரல் முறையையும் சேர்த்துப் புதுமை செய்தார். 1924இல் புனே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த காந்தியடிகளுக்குப் பஜனை பாடினார்.

1928இல் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் சேர்ந்தார். நம்ம எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மாவுக்குப் பஜனைப் பாடல்கள் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். 'மீரா' படத்தின் இந்தி வடிவத்திலும் அவர் பங்கு உண்டு. இருவரும் சேர்ந்து வந்தே மாதரம் பாடிய இசைத்தட்டும் இருக்கிறது.

ஒரு செய்தி கேளுங்கள். நாம் ரயிலில் சென்னைக்குப் போகும்போது செங்கல்பட்டு தாண்டியதும் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வரும் இல்லையா? 1937இல் பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் உஸ்தாத் அப்துல் கரீம் கான் உயிர் பிரிந்தது அங்கேதான்.

பின்னாளில் திலீப் புனேயில் ஹரி கிருஷ்ண மந்திர் அமைத்து அங்கே வாழ்ந்தார். 1980ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் மறைந்தார்.

நிறைவாக

திலீப் ஐரோப்பாவில் பாடகர் ஆகவில்லை. அப்படியானால் பெர்லின் படிப்பு வீணா? இல்லவே இல்லை. அடுத்தவர் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவருக்குத்தான் நம் பாட்டின் அருமை இன்னும் நன்றாகத் தெரிந்தது. இன்னொன்று, கணக்கு வராததால் அவர் பாட்டுக்குப் போகவில்லை. நன்றாக வந்ததையே விட்டுவிட்டுப் போனார்.

பத்தாவது முடித்ததும் எந்த குரூப் எடுப்பது என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். மார்க் எதில் வருகிறதோ அதை எடு என்கிறார்கள். மார்க் வந்தும் மனசு வேறு பக்கம் போனால் என்ன செய்வது? திலீப் அதற்கு வாழ்ந்து காட்டினார். ஆனால் போன பிறகு பாடுபடாமல் இருக்கவில்லை. அதையும் சேர்த்து நினைவில் வைப்போம்.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி