டேப்பில் வந்த கொடை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து படிக்கிறவன் நான். மின்னணுவியல், இரண்டாம் ஆண்டு. அப்பா நூல் மில் தொழிலாளி. எங்க வீட்டில் டிப்ளமோ என்று படிக்க வந்த முதல் ஆள் நான்தான். ஐ.சி. டிசைன் கற்க ஆசைப்பட்டு ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். சொன்ன கட்டணம் அப்பாவின் பல மாதச் சம்பளம். பேசாமல் திரும்பிவிட்டேன். அப்புறம்தான் டொனால்டு பெடர்சனைப் பற்றிப் படித்தேன்.

1925-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஹாலக் என்ற சிற்றூரில் பிறந்தவர். போர்க்காலத்தில் ராணுவத்துக்குப் போய்த் திரும்பி 1948-இல் பட்டம் பெற்றார். 1951-இல் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம். 1955 முதல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். மாணவர்களே ஐ.சி. செய்து பழக வேண்டும் என்று 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கூடம் அமைத்தார். நடக்காது என்றவர்கள் உண்டு. நடந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. நம்ம லேபில் செய்வதுபோல் ஐ.சி.யைப் போர்டில் குத்திப் பார்த்துத் திருத்த முடியாது. சிலிக்கானில் உருவான பிறகு தவறு தெரிந்தால் அத்தனையும் வீண். அதனால் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்க, ரோரர் என்ற ஆசிரியரின் வகுப்பு மாணவர்கள் ஒரு புரோகிராம் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான நேகல், பிறகு பெடர்சனிடம் ஆய்வு மாணவரானார். பெடர்சன் விடாப்பிடியாக நின்றது ஒரே விஷயத்தில்தான்: யார் கேட்டாலும் கொடுக்கும்படி அது இருக்க வேண்டும். நேகல் உட்கார்ந்து திருப்பி எழுதினார். அதுதான் ஸ்பைஸ். 1973-இல் அறிமுகமானது. காந்த டேப்பில் பதிந்து கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். படித்து முடித்த மாணவர்கள் வேலைக்குப் போன கம்பெனிகளுக்கும் அது கூடவே போனது. பயன்படுத்தியவர்கள் பிழைகளைச் சொல்லச் சொல்ல, புரோகிராம் தேறியது.

ஐ.சி. லேயவுட் வரையும் 'மேஜிக்' மென்பொருளும் 1980-களில் அதே பெர்க்லியில் ஆஸ்டர்ஹவுட்டும் மாணவர்களும் எழுதியதுதான். லேயவுட் என்றால் வேறொன்றுமில்லை, அம்மா மார்கழியில் போடும் கலர்க் கோலம் மாதிரி. அடுக்கடுக்காக வரைய வேண்டும். இரண்டு கோடு அளவுக்கு மீறி நெருங்கினால் போச்சு. நெருங்கிய இடத்தை மேஜிக் அப்போதே காட்டிவிடும். இதுவும் இலவசம், மூல நிரலோடு.

1998-இல் பெடர்சனுக்கு ஐ.இ.இ.இ. அமைப்பின் மிக உயர்ந்த பதக்கம் கிடைத்தது. 2004 கிறிஸ்துமஸ் அன்று காலமானார்.

பம்பாய் ஐ.ஐ.டி. இலவசமாகத் தரும் இ-சிம்முக்குள் ஓடுவது, ஸ்பைஸ் வழிவந்த என்ஜிஸ்பைஸ்தான். நண்பன் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, ஒரு ரெக்டிஃபயர் சர்க்யூட்டை ஓட்டினேன். திரையில் அலை வந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, இதுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். ஒண்ணும் ஆகலப்பா என்றேன். அவர் நம்பவே இல்லை.