ராயக்கோட்டையை 165 வருஷத்துக்கு முன்பே படம்பிடித்த கேப்டன்: யார் இந்த லின்னேயஸ் ட்ரைப்?

நாமக்கல், சேலம் பக்கத்தில் இருந்து வேலைக்காகப் பெங்களூரு போய் வருகிறவர்களில் பலர், தருமபுரி - ஓசூர் ரயில் பாதையில் ராயக்கோட்டை ஸ்டேஷனைத் தூக்கத்திலேயே கடந்திருப்பார்கள். ஊரை ஒட்டி ஒரு மலை, மலை மேல் ஒரு கோட்டை. திப்பு சுல்தானுக்கு எதிரான மூன்றாம் மைசூர் போரில், 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்த கோட்டை அது.

அந்தப் போர் முடிந்து சுமார் 65 வருஷம் கழித்து, அதே கம்பெனி ராணுவத்தின் கேப்டன் ஒருவர் பெங்களூருவில் இருந்து மலையிறங்கி ராயக்கோட்டைக்கு வந்தார். இந்த முறை வந்தது பீரங்கி இல்லை, பெரிய மரப்பெட்டி கேமரா. 1858-ல் சென்னையில் வெளியான அவருடைய போட்டோ தொகுப்புகளில் ஒன்றின் தலைப்பே, சேலம் மாவட்டத்தில் ராயக்கோட்டையும் பிற இடங்களும் என்பதுதான். அன்றைய சேலம் மாவட்டம் ரொம்பப் பெரியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அந்த கேப்டன் பெயர் லின்னேயஸ் ட்ரைப். போட்டோகிராபி வரலாறு படிப்பவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அவர் அதிகம் சுற்றிய தமிழ்நாட்டில்தான் கொஞ்சம் குறைவாகத் தெரிந்த பெயர்.

சரி, ஒரு ராணுவ அதிகாரி கோயிலையும் கோட்டையையும் ஏன் படம் எடுத்தார்? அங்கேதான் ஒரு தியரி வருகிறது.

லீவில் கற்ற வித்தை

ட்ரைப் 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். 12 பிள்ளைகள் கொண்ட வீட்டில் ஒன்பதாவது. டீன் ஏஜிலேயே கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் சேர்ந்து, 1840-கள் முழுவதையும் தென்னிந்தியாவில் கழித்தார். 1850-களின் தொடக்கத்தில் நீண்ட லீவில் ஊருக்குப் போனபோதுதான் கேமராவைப் பிடித்தார். 1853-ல் லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியதுமே அதில் உறுப்பினர் ஆகிவிட்டார். அதாவது, இன்றைக்கு ஒருவர் லீவில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு அதையே கரியர் ஆக்கிக்கொள்வது மாதிரி.

1854-ல் பெங்களூருவுக்குத் திரும்பினார். அந்த வருஷக் கடைசியில் ஹளேபீடு, பேளூர் ஹொய்சாளக் கோயில்களைப் படமெடுத்தார். 1855 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஒரு பெரிய கண்காட்சியில் 68 படங்களை வைத்தார். காகிதத்தில் எடுத்த படங்களில் அவருடைய வரிசைதான் சிறந்தது என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள்.

கம்பெனிக்குள் அப்போது ஒரு யோசனை சூடாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய அதுவரை ஓவியர்களையும் வரைவாளர்களையும் நம்பியிருந்தார்கள். செலவு அதிகம், நேரம் அதிகம். ஓவியரின் கை எதைச் சேர்த்தது, எதை விட்டது என்றும் தெரியாது. கேமராவுக்கு விருப்பு வெறுப்பு இல்லை, இருப்பதை இருக்கிறபடி காட்டும், எனவே இனி வரைய வேண்டாம், படமெடுப்போம் என்பதுதான் அந்த யோசனை. பம்பாயில் தாமஸ் பிக்ஸ் என்ற ராணுவ அதிகாரிக்கு பிஜப்பூர் வேலை கிடைத்ததும் இதனால்தான். கேமரா பொய் சொல்லாது என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள் இல்லையா, அதன் அரசாங்க எடிஷன் இது.

ட்ரைப் இந்தத் தியரியை மற்றவர்களைவிட ஒரு படி முன்னே எடுத்துப் போனார். சென்னை அரசுக்கு அவர் கொடுத்த திட்டத்தின் சாரம் இதுதான்: வரலாற்று ஆய்வாளர், கட்டடக்கலைஞர், சிற்பி, புராணம் படிப்பவர் ஆகியோருக்குப் பயன்படக்கூடிய எல்லாவற்றையும் அவை அழியும் முன் பதிவு செய்துவிட வேண்டும். அழகாக இருக்கிறது என்பதற்காக எடுப்பது இல்லை, நாளைக்கு இருக்காது என்பதற்காக எடுப்பது. அவர் படங்களைப் பார்க்கும்போது இந்த ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

பர்மாவில் கிடைத்த நிரூபணம்

1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, பர்மா அரசவைக்கு ஆர்தர் பேர் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். குழுவின் போட்டோகிராபர் ட்ரைப். மழை, உடல்நலக் கோளாறு, நேரமின்மை எல்லாம் சேர்ந்து படுத்தியும் 200-க்கும் மேல் நெகட்டிவ் எடுத்தார். பெங்களூரு திரும்பி அதில் 120-ஐத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 50 பிரதி போட்டார். 6,000 பிரின்ட், எல்லாம் வெயிலில் காகிதத்தை வைத்து எடுத்தவை.

தூதுக்குழு போன தலைநகரம் அமரபுரா. சில வருஷத்திலேயே மன்னர் மின்டோன் தலைநகரை மாண்டலேக்கு மாற்ற, அமரபுரா காலியானது. தலைநகராக இருந்தபோது அந்த ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க இன்றைக்கு ட்ரைப்பின் படங்கள்தான் முக்கிய ஆதாரம்.

1856 அக்டோபரில் சென்னை அரசு அவரைத் தன் அதிகாரபூர்வ போட்டோகிராபராக நியமித்தது.

மெழுகுத்தாளும் மாயமான மனிதர்களும்

1857 டிசம்பரில் பெங்களூருவில் இருந்து கிளம்பினார். ராயக்கோட்டை, சேலம் மாவட்டம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, திருமயம், தஞ்சாவூர் எல்லாம் சுற்றி 1858 ஏப்ரல் கடைசியில் சென்னை. சேலத்துக்கு அப்போது ரயிலே வந்திருக்கவில்லை. வடக்கே சிப்பாய்ப் புரட்சி இன்னும் அடங்காத நேரம் வேறு.

அன்றைய புது டெக்னாலஜி, கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, உடனே கழுவுவது. நம் ஊர் வெயிலில் அது நொடியில் காய்ந்துவிடும். ட்ரைப் இந்தப் பயணத்தில் பெரிதும் நம்பியது பழைய முறை. நல்ல காகிதத்தை உருகிய மெழுகில் ஊறவைத்து, அயோடைடு கரைசலில் நனைத்துக் காயவைத்து, பின் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி எடுத்தால் நெகட்டிவ் ரெடி. பாரிசின் குஸ்தாவ் லெ கிரே உருவாக்கிய முறை. முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம், உடையாது, மூட்டை கட்டி எடுத்துப் போகலாம். ஒரே சிக்கல், ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும்.

அதன் விளைவு சுவாரசியம். அசையாதவை மட்டும்தான் தெளிவாக விழும். நடந்து போகும் ஆள் படத்தில் பதியவே மாட்டார். அதனால்தான் ட்ரைப்பின் மதுரை, இன்றைக்கு நமக்குத் தெரிந்த மதுரை மாதிரியே இல்லை. கோபுரம் இருக்கிறது, தெரு இருக்கிறது, கூட்டம் இல்லை. ஊரே காலி செய்யப்பட்டது போலத் தெரியும். இருப்பதை இருக்கிறபடி காட்டும் என்ற தியரிக்கு முதல் அடி இங்கேயே விழுகிறது. இந்தியாவைக் கல்லும் கட்டடமுமாகப் பார்க்கப் பழகியிருந்த ஒரு ஆட்சிக்கு அந்த வெறுமை உறுத்தியிருக்காது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

இரண்டாவது அடியை அவரே கொடுத்தார். அன்றைய ரசாயனங்களுக்கு நீல நிறம் என்றால் அதீத வேகம், பச்சைக்கு ரொம்ப மந்தம். எனவே வானம் வெளுத்துத் திட்டுத் திட்டாக விழும், மேகம் காணாமல் போகும், மரங்கள் கறுத்த மொத்தையாக நிற்கும். ட்ரைப் பிரஷ்ஷை எடுத்தார். நெகட்டிவ் மேலேயே வண்ணம் தீட்டினார். பூசிய இடத்தில் ஒளி புகாது, பிரின்ட்டில் அது வெளுப்பாக வரும். அப்படி மேகங்கள் வந்தன, இலைகளுக்கு வெளிச்சம் வந்தது. போனில் ஒரே தட்டில் வானத்தை மாற்றும் ஆப் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் கையால் அதைச் செய்திருக்கிறார்.

இது ஏமாற்று வேலையா? அவர் தொட்டது பெரும்பாலும் வானத்தையும் இலையையும்தான். அழிந்துவிடும் என்று பயந்தது கல்லுக்கு. வானம் எங்கும் போகாது. ஆனாலும் ஆதாரம் வேண்டும் என்றவர் மேகம் வரைந்தார் என்பது முரண்தான். அந்த முரண் இல்லையென்றால் அவர் படங்கள் வெறும் சர்வே ரெக்கார்டாக முடிந்திருக்கலாம்.

தஞ்சையில் 21 படங்கள்

தியரி முழு வேகத்தில் வேலை செய்த இடம் தஞ்சைப் பெரிய கோயில்.

விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாகக் கல்வெட்டு ஓடுகிறது. எந்த ஒரு சட்டகத்துக்குள்ளும் அடங்காது. ட்ரைப் கேமராவைச் சுவரை ஒட்டியே நகர்த்தி நகர்த்தி, ஒன்றை ஒன்று தொடும்படி படமெடுத்து, 21 பிரின்ட்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். நீளம் சுமார் 19 அடி. போனில் பனோரமா மோடில் கையைச் சுற்றுவோமே, அதையே பெட்டி கேமராவில், நிமிஷக் கணக்கான எக்ஸ்போஷரில், தூரமும் வெளிச்சமும் மாறாமல் செய்வதை யோசித்துப் பாருங்கள். அழகான காட்சி எடுக்க நினைப்பவர் யாரும் இந்த வேலைக்குப் போக மாட்டார். கோபுரத்தை ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இன்னொரு விஷயம்தான் இதைவிடப் பெரியது. அந்தக் கோயிலைக் கட்டியது ராஜராஜ சோழன் என்பது அன்றைய ஆய்வாளர்களுக்கே உறுதியாகத் தெரியாது. அதே கல்வெட்டுகளை ஜெர்மன் அறிஞர் ஹுல்ஷ் முறையாகப் படித்து, ராஜராஜன்தான் என்று நிறுவியது 1880-களின் பிற்பகுதியில். அதாவது, என்ன எழுதியிருக்கிறது என்று தனக்குத் தெரியாத ஒன்றை, யாரோ ஒருநாள் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் ட்ரைப் முழுதாகப் பதிவு செய்தார். இன்று ‘பொன்னியின் செல்வன்’ பார்த்துவிட்டு தஞ்சாவூருக்கு வண்டி கட்டும் நமக்கு, அந்தப் பெயரே உறுதியாகாத ஒரு காலம் இருந்தது என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கும்.

மதுரையில் அவர் எடுத்த திருமலை நாயக்கர் மஹால், இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மஹால் இல்லை. சிதைந்து கிடந்த கட்டடம். நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது பழுது பார்த்தது அதற்குப் பிறகுதான். துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் விளக்குத்தூணும் அவர் தொகுப்பில் உண்டு.

சென்னை திரும்பியதும் கடைசியாக ஒரு வேலை. வால்டர் எலியட் அமராவதி ஸ்தூபத்தில் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய சுண்ணாம்புக்கல் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். இங்கே மேகமும் இல்லை, மரமும் இல்லை, நேருக்கு நேர் சிற்பம் மட்டும். அடுத்த வருஷமே அந்தச் சிற்பங்கள் லண்டனுக்குக் கப்பலேறின. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அழியும் முன் பதிவு செய் என்று ஒரு கையால் சொன்ன அரசு, மறு கையால் என்ன செய்தது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நின்றுபோன ஷட்டர்

1859-ல் சென்னைக்கு சார்லஸ் ட்ரெவெல்யன் கவர்னராக வந்தார். ஐர்லாந்து பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து கறார் காட்டிய அதே ட்ரெவெல்யன். புரட்சிக்குப் பிறகு கஜானா காலி. அரசு போட்டோ பிரிவு அவர் கண்ணுக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. நிறுத்தச் சொன்னார். 1860-ல் எல்லாம் மூடப்பட்டது.

ட்ரைப்புக்கு அப்போது 38 வயது. ராணுவ வேலைக்கே திரும்பினார். பிறகு பர்மாவில் பணியில் இருந்தபோது சில படங்கள் எடுத்தார், அவ்வளவுதான். கௌரவ மேஜர் ஜெனரல் பட்டத்துடன் ஓய்வு பெற்று, பிறந்த டெவன்போர்ட்டிலேயே 1902-ல் இறந்தார்.

அவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்ற ஐயாசாமி என்ற நம்மூர்க்காரர், பின்னாளில் சென்னை கலைப்பள்ளிக்காகப் படங்கள் எடுத்தார். அவரைப் பற்றி யாராவது தனியாக ஒரு புத்தகமே எழுதலாம்.

தியரி மாறினால் படம் எப்படி மாறும் என்று பார்க்க இரண்டு பேர் போதும். 1863-ல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன், ஓவியம் மாதிரி இருக்க வேண்டும் என்ற கண்ணோட்டத்தில் இமயமலையை எடுத்துக் காசாக்கினார். அடுத்து, சென்னை அரசுக்காக எட்மண்ட் லயன் 1867-68-ல் மீண்டும் மதுரைக்கும் தஞ்சைக்கும் போனார். அதாவது, ஆடம்பரம் என்று நிறுத்திய வேலைக்கு எட்டே வருஷத்தில் இன்னொருவரை அதே இடங்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று பெரிய மியூசியங்களில் ட்ரைப்பின் படங்கள் கண்காட்சியாகச் சுற்றின. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் மதுரைக்கும்தான் அதிகப் பெயர். ராயக்கோட்டைத் தொகுப்பை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் பிரிட்டிஷ் லைப்ரரியும் அவருடைய தென்னிந்தியப் படங்களை வைத்திருக்கின்றன. அடுத்த தடவை பெங்களூரு ரயிலில் ராயக்கோட்டை வரும்போது முழித்திருந்தால், போனில் தேடி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். கோட்டை மலை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.