பகல் உணவு தந்த நகரத் தந்தை: சர் பிட்டி தியாகராயர்

கவிஞர்களையும் புலவர்களையும் விடுதலை வீரர்களையும் ஆண்டுதோறும் நினைந்து போற்றுவது நம் சங்கத்தின் நல்வழக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரையும், ஆசிரியருக்குச் சம்பளமும், பசித்து வந்த பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறும் தேடித் தந்தவர்களை நாம் அத்துணை நினைப்பதில்லை. நகரசபையின் வரவு செலவுக் கணக்கில் மறைந்துபோகும் தொண்டு அது. ஆனால் எழுத்தறியாத குடும்பம் ஒன்று எழுத்தறிந்த குடும்பமாக மாறுவது பெரும்பாலும் அத்தகைய தொண்டினால்தான். அப்பணியில் முன்னோடியாக நின்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை அக்ரஹாரத்திலும் அதனைச் சூழ்ந்த வீதிகளிலும் வாழும் நம் குடும்பத்தினர் அறிந்துகொள்ளல் நன்று. அவர் சென்னை மாநகரின் வெள்ளுடை வேந்தர் எனப் பெயர்பெற்ற சர் பிட்டி தியாகராயச் செட்டியார்.

பிறப்பும் இளமையும்

தியாகராயர் 1852 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் பிறந்தார். நெசவுத் தொழிலில் சிறந்த தேவாங்கர் குலத்தைச் சேர்ந்தது அவர் குடும்பம். வீட்டில் வழங்கிய மொழி தெலுங்கு. வாழ்ந்த ஊர் தமிழகத்தின் தலைநகர். இந்த ஒரு செய்தியே, வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் வழங்க வாழும் நமக்கு அவரை நெருக்கமானவராக்குகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1876 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டம் பெற்றவர் பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகத்தையோ வக்கீல் தொழிலையோ நாடுவர். தியாகராயர் அவ்வழி செல்லாமல் குலத்தொழிலான நெசவிலும் வாணிகத்திலும் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைக் கோயில்களுக்கும் கல்விக்கும் வழங்கினார். வடசென்னையின் வண்ணாரப்பேட்டையில் அவர் பேணி வளர்த்த பள்ளியே பின்னர் 1950 ஆம் ஆண்டில் அவர் பெயர் தாங்கிய கல்லூரியாக மலர்ந்தது.

எக்காலத்தும் தூய வெண்ணிற உடையே அணிந்தார். ஆளுநரைக் காணச் சென்றாலும் அரச விருந்துக்குச் சென்றாலும் அவ்வுடை மாறவில்லை. வெள்ளுடை வேந்தர் என்று மக்கள் அவரை அழைத்தது இதனால்தான்.

நகரசபையில் நாற்பது ஆண்டுகள்

1882 ஆம் ஆண்டு இந்திய உள்ளாட்சி வரலாற்றில் குறிக்கத்தக்கது. ஊர் மக்கள் தங்கள் ஊரின் காரியங்களைத் தாங்களே நடத்திப் பழகவேண்டும் என்னும் கருத்துடைய ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வெளியானது அவ்வாண்டில்தான். அதே ஆண்டில் தியாகராயர் சென்னை நகரசபையில் அடியெடுத்து வைத்தார். அதுமுதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அச்சபையை விட்டு அவர் நீங்கவில்லை.

குடிநீர், விளக்கு, சாக்கடை, சந்தை, சுடுகாடு, பள்ளிக்கூடம் என்று நகரசபையின் வேலைகள் யாவும் நாள்தோறும் கவனிக்க வேண்டியவை. புகழ் தருவன மிகச் சில. அவ்வேலைகளில் பழகிப் பழகி, நகரத்தின் ஒவ்வொரு பேட்டையையும் அங்கே வாழ்வோரின் நிலையையும் அவர் நேரில் அறிந்தார். அதுவரை நகரசபையின் தலைவராக அரசாங்க அதிகாரியே அமர்ந்து வந்தார். 1919 ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை மாற்றித் தலைவரை உறுப்பினரே தேர்ந்தெடுக்கும் உரிமையை அளித்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் தலைவர் தியாகராயரே.

டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகியோருடன் 1916 ஆம் ஆண்டில் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் இவர். பின்னர் அது நீதிக் கட்சி என்று பெயர்பெற்றது. 1920 ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது, ராஜதானியின் முதல் அமைச்சராகும்படி ஆளுநர் வில்லிங்டன் பிரபு இவரை அழைத்தார். தியாகராயர் அப்பதவியை ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். அந்நாளைய அரசியல் பூசல்களைப் பற்றி இருதரப்பிலும் எழுதப்பட்டவை மிகுதி. நாம் இங்கே காண விரும்புவது பள்ளிக்கூடத்தைப் பற்றியது மட்டுமே.

பள்ளிக்கூடத்துக்கு யார் பொறுப்பு?

குழந்தையின் கல்விச் செலவை ஏற்க வேண்டியவர் பெற்றோரா, ஊராரா, அரசாங்கமா என்னும் கேள்வி அக்காலத்தில் நாடெங்கும் எழுந்திருந்தது. பரோடா சமஸ்தானம் 1906 ஆம் ஆண்டிலேயே கட்டாய இலவசக் கல்வியை நாடு முழுவதும் விரித்தது. கோபால கிருஷ்ண கோகலே 1911 ஆம் ஆண்டில் மத்திய சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். கட்டாயக் கல்விக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஸ்தல ஸ்தாபனமும் இரண்டு பங்கை அரசாங்கமும் ஏற்கலாம் என்பது அவர் கருத்து. அம்மசோதா மறு ஆண்டில் தோற்றது. ஆயினும் அது விதைத்த எண்ணம் அழியவில்லை.

சென்னை ராஜதானியில் 1920 ஆம் ஆண்டில் ஆரம்பக் கல்விச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்லலாம். ஜில்லாதோறும் ஒரு கல்விக் கவுன்சில் நிறுவப்பட்டது. நகரசபை முதலிய ஸ்தல ஸ்தாபனம் விரும்பினால், அரசாங்கத்தின் அனுமதி பெற்றுத் தன் எல்லைக்குள் கல்வியைக் கட்டாயமாக்கலாம்; அதற்கென்று தனியே கல்வி வரியும் விதிக்கலாம். வரியாக வந்த பணமும் அரசாங்கம் தரும் பங்கும் ஆரம்பக் கல்வி நிதி என்னும் தனிக் கணக்கில் சேரும். அந்நிதியை வேறு காரியத்துக்குச் செலவிடலாகாது.

இவ்வேற்பாட்டில் நன்மையும் உண்டு, இடர்ப்பாடும் உண்டு. கல்விக்கென்று வைத்த பணம் சாலைக்கும் சாக்கடைக்கும் போய்விடாமல் காப்பது நன்மை. எது கல்விச் செலவு, எது கல்விச் செலவன்று என்பதை ஊரார் தீர்மானிக்க இயலாமல், மேலிருந்து தணிக்கை செய்வோர் தீர்மானிப்பது இடர்ப்பாடு. இவ்விடர்ப்பாடே தியாகராயரின் நற்செயலுக்கும் குறுக்கே வந்து நின்றது.

ஆயிரம் விளக்குப் பள்ளி

சென்னையில் ஆயிரம் விளக்கு என்னும் பகுதியில் நகரசபைப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே பயிலவேண்டிய பிள்ளைகள் மிக ஏழைகள். பள்ளியில் கட்டணம் இல்லாவிடினும் பகலில் உண்ணச் சோறில்லை. வயிறு காய்ந்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது. எட்டு வயதுப் பையன் எங்கேனும் எடுபிடி வேலைக்குச் சென்றால் அன்றைய கஞ்சிக்காவது வழி பிறக்கும். ஆகவே பள்ளியில் பிள்ளைகளின் தொகை குறைந்துகொண்டே வந்தது. கட்டடமும் ஆசிரியரும் கரும்பலகையும் இருந்தும் பிள்ளைகள் இல்லையெனில் பள்ளி எதற்கு?

இந்நிலை நகரசபையின் முன் வந்தது. 1920 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 ஆம் நாள், தியாகராயரின் தலைமையில் கூடிய சபை ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் செலவு செய்யலாம் என்பது விதி. பதினாறு அணா கொண்டது ஒரு ரூபாய் என்பதை இன்றைய இளைஞர் நினைவிற்கொள்க.

இது பிச்சையன்று, வள்ளல் ஒருவர் தம் பெயர் விளங்க நடத்திய அன்னதானமுமன்று. நகர மக்கள் செலுத்திய வரிப்பணத்தில் நகரத்தின் பிள்ளைகளுக்கு இடப்பட்ட சோறு. தியாகராயர் செல்வர், விரும்பியிருந்தால் தம் கைப்பொருளாலேயே அப்பிள்ளைகளுக்கு உணவிட்டிருக்கலாம். ஆனால் செல்வர் மறைந்தால் தானம் நின்றுவிடும். சபையின் தீர்மானமாகிவிட்டாலோ அது நகரத்தின் கடமையாக நிலைக்கும். பொதுவாழ்வில் நாற்பது ஆண்டு பழகியவருக்கே இந்த வேறுபாடு விளங்கும்.

உணவின் பயன் விரைவில் தெரிந்தது. மேலும் நான்கு பள்ளிகளுக்கு இத்திட்டம் விரிந்தது. 1922-23 ஆம் ஆண்டில் இந்த ஐந்து பள்ளிகளிலும் பயின்ற பிள்ளைகள் 811 பேர். 1924-25 ஆம் ஆண்டில் அத்தொகை 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இருமடங்குக்கும் மேலான வளர்ச்சி!

நிதியும் விதியும்

இவ்வளவு சிறந்த திட்டம் நிலைத்ததா? இல்லை. உணவுச் செலவு ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து செய்யப்பட்டு வந்தது. அந்நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்று பிரிட்டிஷ் அரசாங்கம் தடுத்தது. புத்தகமும் பலகையும் கல்வியாம், சோறு கல்வியாகாதாம்! 1925 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள் முதல் பகல் உணவு நிறுத்தப்பட்டது. தியாகராயர் இவ்வுலகை நீத்ததும் அதே ஆண்டில்தான்.

ஆயினும் நகரசபை சோர்ந்துவிடவில்லை. மீண்டும் மீண்டும் அரசாங்கத்தை வேண்டியது. இருமுறை மறுத்த அரசாங்கம், பின்னர் 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் உணவளிக்க இசைந்தது. தலைவர் மறைந்தபின்னும் சபை அவர் வழியை விடாது பற்றியதே அவர் செய்த பணியின் உறுதிக்குச் சான்று.

அன்று ஐந்து பள்ளிகளில் முளைத்த அச்செடி பின்னர் ஆலமரமாயிற்று. 1956 ஆம் ஆண்டில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தமிழகமெங்கும் பரப்பினார். 1982 ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2001 ஆம் ஆண்டில் நாட்டின் உச்சநீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசு ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்கவேண்டும் என ஆணையிட்டது. 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது. சோறு கல்வியாகாது என்ற பழைய தணிக்கைக்கு நாடு அளித்த விடை இதுவேயாகும்.

மைசூரில் வாழும் நமக்கு

நாம் வாழும் மைசூர் நாட்டிலும் இதே கேள்விகள் எழுந்து தீர்க்கப்பட்டிருக்கின்றன. விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது, 1913 ஆம் ஆண்டில் கட்டாய ஆரம்பக் கல்விக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1930 ஆம் ஆண்டுச் சட்டம் ஆரம்பப் பள்ளிகளின் நிர்வாகத்தை ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்தது. 1941 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசாங்கம் அதனைத் திரும்பத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஊரார் கையிலிருந்தால் அக்கறை மிகும், பணம் குறையும். அரசாங்கத்தின் கையிலிருந்தால் பணம் வரும், அக்கறை தொலைவாகும். இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே பள்ளி நிர்வாகத்தின் தீராத வழக்கு.

இன்று கர்நாடகத்தில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. சமக்ர சிக்ஷா என்னும் பொதுக் கல்வித் திட்டச் செலவை மத்திய அரசு நூற்றுக்கு 60 பங்கும் மாநில அரசு 40 பங்குமாக ஏற்கின்றன. அட்சர தாசோகம் என்னும் பெயரில் 2002 ஆம் ஆண்டில் ஏழு மாவட்டங்களில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. ஊராரின் அக்கறைக்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்டிராக இருத்தல் வேண்டும். பள்ளிக்கு வரும் பணம் எவ்வாறு செலவாகிறது என்று பார்க்கும் உரிமையும் கடமையும் அக்குழுவுக்கு உண்டு.

இவ்வுரிமையை நம்மவர் எத்துணைப் பேர் பயன்படுத்துகின்றோம்? வேற்றூரிலிருந்து வந்தவர் என்னும் கூச்சமோ, கன்னடம் தடுமாறும் என்னும் தயக்கமோ நம் தாய்மாரையும் தந்தைமாரையும் பின்னிழுத்தல் ஆகாது. தெலுங்கு பேசும் இல்லத்தில் பிறந்த தியாகராயர் சென்னையைத் தம் ஊராக எண்ணினார். அந்நகரின் ஏழைப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக எண்ணினார். அவ்வாறே நம் பிள்ளைகள் பயிலும் பள்ளி எம்மொழிப் பள்ளியாயினும், அது நம் பள்ளியே. பெற்றோர் கூட்டத்துக்குச் செல்வோம், குழுவுக்குப் பெயர் கொடுப்போம், கணக்கைக் கேட்போம், மதியச் சோற்றைச் சுவைத்துப் பார்ப்போம். பள்ளிக்கு வாராத பிள்ளை நம் தெருவில் எவரேனும் இருந்தால், காரணம் அறிந்து கைகொடுப்போம்.

சென்னையில் தியாகராய நகர் என்னும் பெரும்பகுதி அவர் பெயரைத் தாங்கி விளங்குகிறது. நகரசபை மாளிகையாம் ரிப்பன் கட்டடத்தில் அவர் சிலை நிற்கிறது. எனினும் எந்த அரசுப் பள்ளியிலேனும் ஓர் ஏழைக் குழந்தை பகலில் வயிறார உண்டு, பின் பாடம் படிக்க அமர்கிறதெனில், அதுவே அப்பெருந்தகைக்கு ஏற்ற நினைவுச் சின்னம்.

வாழ்க தியாகராயர் புகழ்! வளர்க நம் பள்ளிகள்!